டியூஷனில் 92, பள்ளியில் 38: ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளைக் கணக்குக்காக ஒரு டியூஷனில் சேர்த்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிக்கொண்டு இதே வித்தையை யாரும் காட்டலாம் என்பதால், வித்தையை மட்டும் சொல்கிறேன்.

சேரப் போன அன்றே 'திறனறித் தேர்வு' ஒன்றை வைத்தார்கள். அவள் பள்ளியில் இன்னும் தொடங்காத பாடங்களிலிருந்தும் கேள்விகள் இருந்தன. தாளைத் திருத்திய கையோடு, "அடித்தளமே இல்லையே அம்மா, இப்போது விட்டால் பத்தாம் வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் டியூஷன் நடத்துபவர். பயந்துபோன பெற்றோரிடம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பணம் வாங்குவது எளிது. மொத்தமாகக் கட்டினால் சலுகை, அந்தச் சலுகையும் அன்று மாலை வரைதான்! ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் "கிடைத்தது, நன்றி" என்று இரண்டு சொல் வந்தது.

சேரும்போது காட்டிய அனுபவமுள்ள ஆசிரியர் சில வாரங்களில் காணாமல் போனார். அவர் இடத்தில் ஒரு கல்லூரி மாணவர், பிறகு இன்னொருவர். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். 'தனிக் கவனம்' என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தது நடைமுறையில் மூன்று வகுப்பு மாணவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதாக இருந்தது.

இவை எங்கும் நடப்பவைதான். நான் இதை எழுத உட்கார்ந்தது அவர்கள் போடும் மதிப்பெண்ணுக்காக.

ஒவ்வொரு சனிக்கிழமையும் தேர்வு. அன்றிரவே பெற்றோர் குழுவில் மதிப்பெண் பட்டியல். மகளுக்கு 78, 85, 92 என்று ஏறிக்கொண்டே போனது. வாழ்த்துகள் குவிந்தன. பள்ளியின் அரையாண்டுத் தேர்வில் வந்தது 38. டியூஷன் தேர்வுத்தாள்களையும் அவளுடைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் போட்ட கணக்குகளே, எண்கூட மாறாமல், சனிக்கிழமைத் தாளில் இருந்தன. காரணிப்படுத்தும் கணக்கில், பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள் எவை என்றால் 2, 3 என்று உடனே சொல்கிறாள். பெருக்கினால் 12, கூட்டினால் 7 என்று மாற்றிக் கேட்டேன். "இந்தக் கணக்கை சார் போடவில்லையே" என்றாள். நோட்டு முழுக்க அழகான கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, ஒரு தப்பான விடை இல்லை. தானாகக் கணக்குப் போடும் குழந்தையின் நோட்டு அப்படி இருக்காது.

ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். வெள்ளிக்கும் சனிக்கும் இடையில் ஓர் இரவுதான். அந்த ஓர் இரவை வைத்துத்தான் இவர்களுடைய வியாபாரம் நடக்கிறது.

டியூஷனே வீண் என்று நான் சொல்லவில்லை. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தனிப்பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட வெகுதூரம் முன்னே நின்றார்கள். ஆனால் அங்கே ஓர் ஆசிரியரிடம் ஒரு மாணவர், மிஞ்சினால் இரண்டு மூன்று பேர். அவ்வப்போது தேர்வு வைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தினார்கள். தடுமாற்றத்தை மூடி மறைக்கும் தேர்வு வேறு வகை.

ஆகவே, பிள்ளை அங்கே எழுதிய தாளை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் போனபின் எண்களை மட்டும் மாற்றி அதே கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பேனா நகர்கிறதா இல்லையா என்பது தெரியும். தாளை வெளியே தர மாட்டோம் என்றால் அந்தப் படியைத் திரும்ப மிதிக்காதீர்கள். மாதக் கட்டணம் மட்டுமே கட்டுங்கள். யார் பாடம் நடத்துவார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டபோது, விதிமுறையில் இடமில்லை என்றார்கள். அப்படியொரு விதிமுறைத் தாளை எங்களிடம் காட்டியதே இல்லை. "வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது இருந்தால் மீதி மாதங்களுக்கு அனுப்புங்கள்" என்ற தாராளம் வேறு. டியூஷன் தாள், மகளின் நோட்டு இரண்டின் படத்தையும் பெற்றோர் குழுவில் போட்ட சிறிது நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குள் பார்த்துவிட்ட சிலர் தங்கள் வீட்டு நோட்டுகளைப் புரட்டியிருக்கிறார்கள். அங்கும் அதே கதை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எல்லோருமாகச் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தை இந்த வாரம் கொடுக்கிறோம். புதிய துண்டறிக்கையில் 92 என்ற எண்ணோடு போட்டிருக்கும் என் மகளின் படத்தை எடுக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன்.