இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது: அடுக்குவதா, அழிப்பதா, ஒதுக்குவதா?

மெயில் நிரம்பிவிட்டது என்று புலம்புகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினருக்கு உண்மையிலேயே இடம் தீர்ந்துவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி நிரம்பி, புது மெயில் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது. இரண்டாம் வகையினருக்கு இடம் தாராளமாகக் கிடக்கிறது. ஆனால் பாலிசி புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் தள்ளுபடி விளம்பரங்களுக்கு அடியில் புதைந்து, கெடு முடிந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. இந்த இரண்டு தொல்லைக்கும் வழி வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் வேலையில் இறங்குவதால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்த பிறகும் பலருக்கு ஒன்றும் மாறியதுபோலத் தெரிவதில்லை.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது ஜிமெயில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 2004 ஏப்ரல் 1 அன்று அது வந்தபோது 1 ஜிபி இடம் தந்தது. மற்ற இலவச மெயில்கள் சில எம்பி மட்டுமே தந்துகொண்டிருந்த காலம் அது. எதையும் அழிக்க வேண்டாம், வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அப்போது அவர்கள் சொன்னது. நாமும் சொன்ன பேச்சைக் கேட்டு எதையும் அழிக்கவில்லை! இப்போதைய 15 ஜிபியோ மெயிலுக்கு மட்டுமானதல்ல. கூகுளின் டிரைவும் ஃபோட்டோஸும் அதிலேயே பங்கு போடுகின்றன. 2021 ஜூன் முதல் ஃபோட்டோஸில் ஏறும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆகவே முதலில் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து, இடத்தைத் தின்பது எது என்று பாருங்கள். கல்யாண வீடியோக்கள் 11 ஜிபி பிடித்திருந்தால் மெயிலை அழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு விளம்பர மெயில் 100 கேபி என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் மெயிலை அழித்தால்தான் 1 ஜிபி கிடைக்கும். 20 எம்பி இணைப்பு உள்ள மெயில்களில் ஐம்பதை அழித்தாலே அதே 1 ஜிபி வந்துவிடும்.

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஃபோல்டர் போட்டு அடுக்குவது

ஒழுங்கு என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது இதுதான். வங்கிக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று என்று லேபிள் (ஜிமெயிலில் ஃபோல்டருக்கு இதுதான் பெயர்) போட்டு, ஒவ்வொரு மெயிலையும் அதனதன் இடத்துக்கு நகர்த்துவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேங்கிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான மெயில்களை இப்படிப் பிரிக்க ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவோம். முடித்தாலும் பெரிய பலனில்லை. 2011-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுத்த விதத்தைக் கவனித்தார்கள். 85,000-க்கும் மேற்பட்ட தேடல்கள். கஷ்டப்பட்டு ஃபோல்டர் போட்டு வைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வெற்றி பெறவில்லை. தேடல் பெட்டியில் தட்டியவர்களுக்குச் சராசரியாக 17 விநாடி ஆனது. ஃபோல்டருக்குள் போய்த் துழாவியவர்களுக்கு 58 விநாடி.

அதற்காக லேபிளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரி, காப்பீடு, வீடு என்று மூன்று போதும். எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவது என்று ஆத்திர அவசரத்தில் நினைவுக்கு வராத விஷயங்களுக்கு மட்டும்.

மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் 2004-இல் தன்னுடைய மெயில் பாக்கியைத் தீர்க்க முடியாது என்று சொல்லி, கடனாளி திவால் நோட்டீஸ் கொடுப்பதுபோல அறிவித்தார். பதில் வராமல் காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழையதைக் கைகழுவினார். பதில் எழுத வேண்டிய மெயில்கள் குவிந்துவிட்ட ஒருவருக்கு அது நேர்மையான வழி. நம் இன்பாக்ஸில் தேங்குவது அந்த மாதிரி மெயில் இல்லை. நமக்கு வருவதில் பாதியை மனிதர்களே எழுதுவதில்லை, இயந்திரங்கள்தான் எழுதுகின்றன. அந்தக் குப்பைக்கு நடுவே ஃபார்ம் 16, பாலிசி பத்திரம், எப்போதோ ஸ்கேன் செய்து தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வீட்டுப் பத்திரம் எல்லாம் கிடக்கும். மெயில் பெட்டியை லாக்கராகப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஏராளம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அழித்தே தீருவேன் என்பவர், நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் என்ற சேவையில் ஒரு நகல் இறக்கி வைத்துக்கொண்டு அழிக்கலாம். ட்ராஷுக்குப் போனது 30 நாள் அங்கே இருக்கும். அதற்குப் பிறகு மீட்க முடியாது.

மொத்தமாக ஆர்க்கைவ் செய்வது

கண்ணில் படவில்லை என்ற இரண்டாம் வகைத் தொல்லைக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஆர்க்கைவ் என்றால் அழிப்பதல்ல. மெயில் இன்பாக்ஸிலிருந்து வெளியேறி ‘ஆல் மெயில்’ என்ற இடத்தில் பத்திரமாக இருக்கும், தேடினால் வரும். அந்த மெயிலுக்கு யாராவது பதில் போட்டால் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். மூன்று மாதத்துக்கு முந்தைய எல்லாவற்றையும் ஆர்க்கைவுக்குத் தள்ளிவிட்டால், மிஞ்சியிருப்பது ஒரே உட்காரலில் பார்த்து முடிக்கக்கூடிய அளவுதான்.

குறை ஒன்று உண்டு: இடம் ஒரு எம்பிகூடக் காலியாகாது. ஆகவே 15 ஜிபி தீர்ந்தவருக்கு இதனால் பயனில்லை.

இந்த இடத்தில் ‘இன்பாக்ஸ் ஜீரோ’ பற்றியும் சொல்லிவிடலாம். மெர்லின் மேன் என்பவர் 2007-இல் கூகுள் அலுவலகத்தில் பேசிய பேச்சால் இது பரவியது. இன்பாக்ஸில் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று பலரும் இதைப் புரிந்துகொண்டு ராப்பகலாக அழிக்கிறார்கள். அவர் சொன்ன பூஜ்யமோ நம் மனம் எவ்வளவு நேரம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றியது. நாலு மெயில் மிச்சம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அனுப்புநரைப் பிடித்து அழிப்பது

இடம் தீர்ந்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மெயிலை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், அனுப்புகிறவரைப் பார்ப்பது. பெரும்பாலான இன்பாக்ஸில் குப்பையில் பெரும்பகுதியைப் பத்துப் பதினைந்து பேர்தான் கொட்டுகிறார்கள்: வேலைவாய்ப்புத் தளம், சமூக வலைத்தள அறிவிப்பு, உணவு டெலிவரி, என்றோ ஒரு சட்டை வாங்கிய கடை.

கட்டாயம் கம்ப்யூட்டரில், பிரவுசரில் செய்யுங்கள். கைபேசியில் கை வலிக்கும். ஒரு குப்பை மெயிலின் அனுப்புநர் முகவரியைத் தேடல் பெட்டியில் போட்டால் அவர் அனுப்பியதெல்லாம் வரிசையாக வரும். மேலே இடது மூலையில் உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருக்கும் 50 மட்டுமே தேர்வாகும். பலரும் இந்த 50-ஐ அழித்து, அடுத்த 50-ஐ அழித்து, சலித்துப் போய் எழுந்துவிடுகிறார்கள். டிக் செய்தவுடன் பட்டியலுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றும்: இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லா உரையாடல்களையும் தேர்ந்தெடுக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்கும். அதைத் தட்டிவிட்டு டெலீட் கொடுத்தால் மூவாயிரம் மெயில் இருந்தாலும் ஒரே தடவையில் போகும்.

பெரியப்பாவின் மெயிலை இப்படித்தான் சுத்தம் செய்தோம். அந்த வரியைத் தட்டப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, கரண்ட் பில் ரசீதும் சேர்ந்து போயிடாதே?”

“போகாது பெரியப்பா. இது வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரம் மட்டும்தான்.”

“நான் ரிட்டையர் ஆகியே எவ்வளவு வருஷம் ஆச்சு, எனக்கு யாருப்பா வேலை தர்றான்?”

மகனுக்கு வேலை தேடிய காலத்தில் அவருடைய முகவரியைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார்கள். மகன் வேலைக்குப் போய்க் குழந்தையும் பிறந்துவிட்டது. மெயில் மட்டும் தினமும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுத்தது பெரிய இணைப்புகள். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னக் கோடுகளைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். அதில் சைஸ் என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுங்கள். வருகிற பட்டியலை மட்டும் பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடம் பிடிப்பதும் இதுதான், வேண்டியது கிடப்பதும் இதில்தான். இங்கே மொத்தமாக டெலீட் கொடுக்க வேண்டாம்.

எச்சரிக்கை இரண்டு. ஜிமெயில் ஒரே தலைப்பில் வந்தவற்றை ஒரே உரையாடலாகக் கோத்து வைக்கும். பழைய ஒன்றை அழிக்கப் போனால் அதோடு ஒட்டிய புதியதும் சேர்ந்து போகும். ஆகவே வங்கி, பங்குத் தரகர் மெயில்களில் இந்த முறையில் கை வைக்காதீர்கள். இரண்டாவது, ட்ராஷில் இருக்கும்வரை அந்த மெயிலும் 15 ஜிபி கணக்கிலேயே இருக்கும். இடம் உடனே வேண்டும் என்றால் ட்ராஷையும் காலி செய்ய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் வேலை குறைவு. அதில் ‘ஸ்வீப்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு அனுப்புநரின் கடைசி மெயிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழி, 10 நாளுக்கு மேல் பழையதை எப்போதும் அழி என்றெல்லாம் சொல்லி வைக்கலாம். இதில் ஜிமெயில் பின்தங்கித்தான் இருக்கிறது.

வெளி ஆப்களிடம் ஒப்படைப்பது

ஒரே தட்டலில் எல்லாச் சந்தாவையும் நிறுத்தித் தருகிறோம் என்று வரும் இலவச ஆப்களுக்கு உங்கள் மெயில் முழுவதையும் படிக்க அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். அன்ரோல்.மி என்ற பிரபலமான சேவை, பயனர்களின் மெயிலில் இருந்த ரசீது விவரங்களைப் பெயர் நீக்கி விற்றது 2017-இல் வெளிவந்தது. லிஃப்ட் டாக்சி ரசீதுகளின் விவரம் அதன் போட்டியாளரான ஊபருக்குப் போயிருந்தது. இதே சேவையைப் பயனர்களைத் தவறாக நம்பவைத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2019-இல் சமரச உத்தரவு போட்டது. வங்கி ஸ்டேட்மென்ட் வரும் பெட்டியின் சாவியை இப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

இப்போது அதற்குத் தேவையும் குறைந்துவிட்டது. மொத்தமாக மெயில் அனுப்பும் நிறுவனங்கள் (கூகுள் கணக்கில் நாளுக்கு 5,000-க்கு மேல்) ஒரே தட்டலில் சந்தாவை நிறுத்தும் வசதி தர வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024-இல் விதி கொண்டுவந்தன. 2025 ஜூலையில் ஜிமெயிலிலேயே ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற பக்கம் வந்தது. அதிகமாக அனுப்புகிறவர் மேலே வரும்படி பட்டியல் இருக்கும், பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் பொத்தான். ஆனால் இது இனி வருவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே வந்ததை அழிக்காது. முன்பின் தெரியாத மோசடி மெயிலுக்குள் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் சுட்டியைத் தொடவே வேண்டாம். அதை ஸ்பேம் என்று புகார் செய்தால் போதும்.

புது முகவரி தொடங்கிவிடுவேன் என்று சொல்பவர்களும் உண்டு. வங்கி, ஆதார், வருமான வரி, பிஎஃப் என்று ஒவ்வொரு இடமாகப் போய் முகவரி மாற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்தாலே அந்த ஆசை போய்விடும். பழையதை அப்படியே கிடப்பில் போட்டால் அதுவும் ஆபத்து: இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம்.

என் கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நான் செய்யும் வரிசை இது. முதலில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்தில் மேலே உள்ள பத்துப் பதினைந்து பேரை நிறுத்துவேன்; குழாயை மூடாமல் தண்ணீரை இறைப்பதில் அர்த்தமில்லை. அப்புறம் அதே ஆட்களின் பழைய மெயிலை அனுப்புநர் வாரியாக அழிப்பேன். இடப் பிரச்சினை இருந்தால் மட்டும் பெரிய இணைப்புகளைப் பார்ப்பேன். மிச்சத்தை ஆர்க்கைவுக்குத் தள்ளிவிடுவேன். நேரம் மீந்தால் ஒரு ஃபில்டர்: கடை ரசீது, டெலிவரி அறிவிப்பு ஆகியவை இன்பாக்ஸுக்கு வராமல் நேராக லேபிளுக்குப் போகும்படி. ஓடிபி அனுப்பும் முகவரிகளை மட்டும் அந்த ஃபில்டரில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பணம் கட்டும் நேரத்தில், பத்து நிமிடம் மட்டுமே செல்லும் எண்ணைத் தேடி லேபிள் லேபிளாக அலைய வேண்டியிருக்கும்.