மட், ஃபோரம், டிஸ்கார்ட்: எழுத்துவழி ரோல்பிளேயில் புது ஆள் எங்கே நிலைக்கிறார்?

எழுத்தாலேயே நடக்கும் ரோல்பிளே ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துக் கதை வளர்ப்பது) ஒன்றைத் தொடங்குபவர்களின் முதல் கவலை விளம்பரம்தான். எந்தப் பட்டியல் தளத்தில் போடுவது, பேனர் எப்படி இருக்க வேண்டும் என்றே யோசனை ஓடும். ஆள் வருவது அவ்வளவு கடினமில்லை. வந்தவர் தன் பாத்திரத்தை வைத்து முதல் வரியை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாரே, அந்தக் காத்திருப்பில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். பதில் கிடைத்தால் மறுநாளும் வருவார். கிடைக்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார். அதனால் மட் (பலர் ஒரே நேரத்தில் நுழைந்து எழுத்தால் ஆடும் கணினி உலகம்), ஃபோரம் (பதிவும் பதிலுமாக எழுதும் விவாதத் தளம்), டிஸ்கார்ட் (குழு அரட்டைச் செயலி) ஆகிய மூன்று களங்களையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறோம்: அந்த முதல் வரிக்கு யார், எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறார்கள்?

மட்: ஆள் இல்லாவிட்டாலும் உலகம் பதில் சொல்லும்

மூன்றில் மூத்தது இது. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது முதல் மட். 1989-ல் வந்த டைனிமட், சண்டையை ஒதுக்கிப் பேச்சுக்கும் இடங்களைக் கட்டுவதற்கும் முதலிடம் கொடுத்தது. இன்றைய மஷ் வகை ரோல்பிளே ஆட்டங்கள் அந்தக் கிளையில் வந்தவை. 1991-ல் வெளியான டிக்குமட், எதிரிகளை வெட்டி நிலை உயர்த்தும் கிளைக்கு அடிப்படை ஆனது. டிக்கு கிளையில் யாருமே இல்லாத நேரத்தில் நுழைந்தாலும் செய்வதற்கு ஏதாவது இருக்கும். 'லுக்' என்று தட்டினால் அறையின் வர்ணனை வரும், கடைக்காரப் பாத்திரம் பேசும், வேட்டையாடலாம். மஷ் வகையில் அது மிகக் குறைவு. அங்கே அறை என்பது மேடை மட்டும். நடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆளைப் பிடிப்பதில்தான் மட் திணறுகிறது. 20 ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தினமும் 1 மணி நேரம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 மணி நேரம் 24 மணி நேரத்தில் சீராகப் பரவினால், எந்த நொடியிலும் சராசரியாக உள்ளே இருப்பவர் 1 பேர்கூட இல்லை. 20 பேர் விளையாடும் ஆட்டம், புதிதாக வருபவரின் கண்ணுக்குக் காலி வீடு. அதே 20 பேரை வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட 2 மணி நேரத்துக்கு அழைத்தால் பாதிப் பேர் வந்தாலும் 10 பேர். அந்த நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் அறிவியுங்கள். ஒன்று உலகின் ஒரு பாதிக்கும் மற்றது மறு பாதிக்கும் வசதியாக அமையட்டும். உள்நுழையும் திரையிலேயே "அடுத்த கூட்டு ஆட்டம் இன்னும் இத்தனை மணி நேரத்தில்" என்று காட்டினால், காலி அறையைப் பார்த்தவருக்கும் திரும்பி வரக் காரணம் கிடைக்கும்.

அடுத்த தவறு உலகத்தின் அளவு. ஆர்வத்தில் 200 அறை கட்டிவிடுகிறார்கள். 8 பேர் 200 அறையில் சிதறினால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ரோல்பிளே ஆட்டத்துக்குத் தொடக்கத்தில் 12 முதல் 15 அறை தாராளம். அதில் ஒன்று எல்லாரும் கடந்தே ஆகவேண்டிய இடமாக இருக்கட்டும்: சந்தை, சத்திரம், கப்பல் மேல்தளம், எதுவானாலும் சரி. யார் எங்கே இருக்கிறார்கள், கூட்டு சீனுக்குத் தயாரா என்று காட்டும் கட்டளையும் கட்டாயம்.

நுழைவாயில் இன்னொரு சிக்கல். டெல்நெட் கிளையன்டை (மட்டோடு இணைக்கும் தனி நிரலை) இறக்கி நிறுவச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எவெனியா போன்ற, பைத்தான் மொழியில் எழுதிய மட் எஞ்சின்களில் உலாவியிலேயே ஆடும் வசதி கூடவே வருகிறது. தளத்தை எச்டிடிபிஎஸ்-க்கு (மறைகுறியாக்கிய இணைப்புக்கு) மாற்றிவிட்டு, உலாவியை ஆட்டத்தோடு இணைக்கும் வெப்சாக்கெட் முகவரியைப் பழையபடி மறைகுறியாக்கம் இல்லாமல் விட்டால், பக்கம் அழகாகத் திறக்கும், ஆட்டம் இணையாது. உலாவி அந்த இணைப்பைத் தடுத்துவிடும். நடத்துபவர் டெல்நெட் வழியாகவே நுழைவதால் இது அவர் கண்ணில் படவே படாது. மாதம் ஒருமுறை, புதிய உலாவியில், கைப்பேசியில், புதுக் கணக்கு தொடங்கி நுழைந்து பாருங்கள்.

மட் உலகத்துக்கு ஒரு பெரும் பலம் உண்டு, அதை மற்ற இரண்டு களங்களும் எட்டிப் பிடிக்கவில்லை. பார்வையற்ற ஆட்டக்காரர்கள் மட்களில் கணிசமாக இருக்கிறார்கள். திரைவாசிப்பான் வழியாக எல்லாரோடும் சமமாக ஆடக்கூடிய களம் இது. அவர்களுக்காகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுத்துக் குறிகளால் வரைந்த வரைபடத்தை அணைக்க ஒரு விருப்பம் கொடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு அறையிலும் "கோடு கோடு கூட்டல் கோடு" என்று வாசிப்பான் ஓதிக்கொண்டே இருக்கும். ஆபத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் சொல்லாலும் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் வரும் நிலைவரியைச் சுருக்க வழி வையுங்கள். இந்த மூன்றையும் முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும், "பிறகு பார்க்கலாம்" பட்டியலில் தள்ளக் கூடாது.

ஃபோரம்: நேரம் தடையில்லை, சங்கிலி அறும்

ஃபோரம் ஆட்டத்தில் ஒரு பதிவு 300 முதல் 500 சொல் வரை போகும், பதில் ஓரிரு நாளில் வரும். நேர மண்டலம் பிரச்சினையே இல்லை. எழுதியது அப்படியே நிற்கும், தேடுபொறியிலும் அகப்படும். எழுத்தை ரசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது.

இங்கே காத்திருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது விண்ணப்பம். 1,000 சொல்லில் பாத்திரத்தின் வரலாறு எழுதச் சொல்லி, அதை 4 நாள் கழித்துப் படித்து, இரண்டு திருத்தம் கேட்டால், வந்தவரின் உற்சாகம் அந்தப் படிவத்திலேயே தீர்ந்துவிடும். நீண்ட விண்ணப்பம் தரத்தைக் காக்கும் என்பது ஓரளவுதான் உண்மை. அழகாக வரலாறு எழுதுகிறவர் மற்றவருக்கு இடம் விட்டு எழுதுவாரா என்பதை அந்த வரலாறு காட்டாது. பெயர், வயது, தொழில், ஒரு ஆசை, ஒரு ரகசியம், ஏற்கெனவே உள்ள ஏதாவதொரு பாத்திரத்தோடு ஒரு தொடர்பு: இந்த ஆறும் போதும். பரிசீலனை 24 மணி நேரத்துக்குள் முடியட்டும். அதுவரை ஆடிப் பார்க்க ஒரு பொது சீன் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, சீனின் சுற்று. 5 பேர் வரிசையாக எழுதும் சீனில் ஆளுக்கு 3 நாள் என்றால் ஒரு சுற்று முடிய 15 நாள். இரண்டே பேர் என்றால் 6 நாள். புது ஆளை 5 பேர் சீனில் சேர்ப்பது நல்லெண்ணம்தான்; ஆனால் முதல் மாதத்தில் அவர் எழுதப்போவது 2 பதிவு. அவரை ஒருவரோடு மட்டும் இணைத்து, வேகமாக எழுதும் பழையவரைத் துணைக்குக் கொடுங்கள். 72 மணி நேரம் தாண்டினால் அடுத்தவர் எழுதலாம் என்ற விதி எல்லா சீனுக்கும் பொது.

ஆட்களை இழுப்பதில் ஃபோரத்தின் சிறந்த கருவி "தேவை" அறிவிப்பு. "என் பாத்திரத்தின் ஓடிப்போன தம்பி வேண்டும், இன்னின்ன காரணத்தால் பகை" என்று ஒருவர் எழுதினால், அதை எடுப்பவருக்கு வந்த அன்றே ஒரு சீன் தயார். இதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது: அறிவிப்பு போட்டவர் ஒரு மாதத்தில் மறைந்துவிட்டால் தம்பி அநாதை. அதனால் ஒவ்வொரு தேவை அறிவிப்பிலும் குறைந்தது 2 வெவ்வேறு ஆட்டக்காரர்களின் பாத்திரங்களோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

மாதாந்திர வருகைக் கணக்கெடுப்பில் பதில் சொல்லாதவரின் பாத்திரத்தை நீக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பட்டியல் சுத்தமாகும், உண்மைதான். ஆனால் தேர்வுக் காலத்திலோ உடம்புக்கு முடியாமலோ ஒதுங்கியவர் திரும்பி வரும்போது பாத்திரமே இல்லையென்றால் மறுபடி தொடங்க மாட்டார். நீக்காமல் "விடுப்பு" பகுதிக்கு நகர்த்துங்கள்; ஒரு வரி எழுதினால் திரும்பலாம் என்று இருக்கட்டும். அவர் வகித்த பதவியை மட்டும் மற்றவருக்குத் திறந்துவிடலாம்.

இன்னொன்று, 30 உட்பிரிவு திறந்து 24 காலியாகக் கிடந்தால் செத்த ஊர் மாதிரி தெரியும். 6 போதும்.

டிஸ்கார்ட்: நுழைவது எளிது, ஆட்டம் அரட்டையில் கரையும்

2015-ல் வந்த டிஸ்கார்டில் நுழைய ஒரு சொடுக்கு போதும். கைப்பேசியில் ஓடும், பதில் நிமிடங்களில் வரும். காத்திருப்பு என்ற அளவுகோலில் இதுவே முதலிடம். சிறு குழுவுக்கு எங்கள் முதல் பரிந்துரையும் இதுதான்.

கவனிக்க வேண்டியவை நுட்பமானவை. அழைப்பு இணைப்பு இயல்பாக 7 நாளில் காலாவதியாகும். அதைக் கவனிக்காமல் விளம்பரத்தில் போட்டால் எட்டாம் நாளிலிருந்து வருபவர் அனைவரும் மூடிய கதவைத்தான் பார்ப்பார்கள். "காலாவதி இல்லை" என்று மாற்றிய பிறகே பகிருங்கள். இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2,000 எழுத்து எல்லை, தமிழில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது இன்னும் சீக்கிரம் தீரும். நூலிழைகள் (சேனலுக்குள் கிளைக்கும் தனி உரையாடல்கள்) அதிகபட்சம் 7 நாள் அசைவில்லாமல் இருந்தால் காப்பகத்துக்குப் போய்ப் பட்டியலில் மறையும். யாரும் மூடாமலேயே சீன் கண்ணிலிருந்து போய்விடும். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் காப்பகத்தைத் திறந்து, இரு தரப்பையும் கேட்டு, தொடர்வதா முடிப்பதா என்று தீர்க்க வேண்டும்.

பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் பேச டப்பர்பாக்ஸ் போன்ற பாட்களை (தானியங்கி நிரல்களை) பயன்படுத்துகிறார்கள். இவை வெப்ஹூக் (நிரல்கள் சேனலில் செய்தி போடும் வழி) மூலம் பதிவிடுகின்றன, அதாவது அந்தச் செய்திக்குச் சொந்தக்காரர் ஆட்டக்காரர் இல்லை. புது ஆள் ஒரு பாத்திரத்தின் வரிக்கு "பதில்" பொத்தானை அழுத்தி எழுதுகிறார். எதிரே இருப்பவருக்கு அறிவிப்பே போகாது. ஒருவர் காத்திருக்கிறார், மற்றவருக்குத் தெரியவே தெரியாது. பதிவின் கடைசியில் எதிர் ஆட்டக்காரரின் உண்மைக் கணக்கைக் குறிப்பிடச் சொல்லிக் கொடுங்கள், வரவேற்புச் செய்தியின் முதல் வரியாகவே.

அனுமதி அமைப்பும் அடிக்கடி கவிழ்க்கும். விதிகளை ஏற்றவருக்கு அடுத்த ரோல் (எந்தச் சேனல் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அனுமதிப் பட்டம்) போய்ச் சேராமல், அவருக்குப் பொது அரட்டை மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். சர்வர் (டிஸ்கார்டில் ஒரு குழுவின் இடம்) அமைப்பில் ஒரு ரோலின் பார்வையில் பார்க்கும் வசதி உண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதைப் பயன்படுத்துங்கள்.

பெரிய ஆபத்து அரட்டை. பழையவர்கள் நாளெல்லாம் பொதுச் சேனலில் பேசுகிறார்கள், ஆட்டச் சேனல் தூங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் கலகலப்பு. ஆட வந்தவருக்கு ஆட்டம் இல்லை. 8 பேருக்கு 2 ஆட்டச் சேனல், 1 அரட்டைச் சேனல் என்று தொடங்கி, இடம் போதாமல் முட்டும்போது மட்டும் கூட்டுங்கள். வேகம் சிலரை விழுங்கினால் ஆட்டச் சேனலில் மெது நிலையை (ஒருவரின் இரு செய்திகளுக்கு நடுவே கட்டாய இடைவெளி) வைக்கலாம், 6 மணி நேரம் வரை நீட்டலாம். வேலை முடிந்து இரவில் வருபவர் 300 செய்தி பின்தங்கியிருக்கும் நிலையை அது தடுக்கும். சீன் முடிந்ததும் நான்கு வரிச் சுருக்கம் எழுதி ஒரு சேனலில் சேர்த்து வையுங்கள். டிஸ்கார்டுக்குள் எழுதுவது பொதுவாகத் தேடுபொறியில் வராது, புதியவருக்குக் கதையை எட்டும் வழி அந்தச் சுருக்கம் மட்டுமே.

மூன்றுக்கும் பொதுவான இடத்தில் வேறுபாடு: சான்று

ஒருவர் மற்றவரைத் தொந்தரவு செய்தால் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் புகார் தராமல் விலகிவிடுவார். புகார் வந்தாலும் எதை வைத்து முடிவு செய்வது என்பதில் களங்கள் வெகுவாக மாறுபடுகின்றன. ஃபோரத்தில் பதிவு நிற்கும், திருத்தினாலும் பல மென்பொருள்களில் அடையாளம் தெரியும். மஷ்ஷில் தனியறைப் பேச்சு சர்வரில் சேமிக்கப்படாமல் போகலாம், ஆட்டக்காரரின் கிளையன்ட் பதிவு மட்டுமே மிஞ்சும், அதை யாரும் திருத்த முடியும். டிஸ்கார்டில் எழுதியவரே அழித்துவிடலாம். எனவே மஷ்ஷில் புகார்க் கட்டளையை அழுத்தியதும் கடைசி 50 வரி சர்வரிலிருந்தே நடத்துபவருக்குப் போகும்படி அமையுங்கள். டிஸ்கார்டில் அழித்த செய்திகளைச் சேமிக்கும் பாட் ஒன்றை வைத்து, அது இருப்பதை விதிகளில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

10 பேருக்குக் கீழே, எல்லாரும் அடுத்தடுத்த நேர மண்டலங்களில் என்றால் டிஸ்கார்ட். உலகெங்கும் சிதறியவர்கள், நீளமாக எழுத விரும்புபவர்கள் என்றால் ஃபோரம். நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் நிரந்தரமாக இருக்கிறார், குறித்த நேரத்தில் ஒன்றுகூட 10 பேர் உறுதி சொல்கிறார்கள் என்றால் மட்டும் மட்.

மட், டிஸ்கார்ட் இரண்டையும் சேர்த்து நடத்துபவர்கள் அதிகம். அப்போது ஆட்கள் டிஸ்கார்டில் உட்கார்ந்து "யாராவது உள்ளே வந்தால் வருகிறேன்" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டுக்குள் நுழைந்ததும் டிஸ்கார்ட் சேனலில் ஒரு வரி விழும்படி இணைப்பு எழுதினால் அந்தத் தயக்கம் உடையும். பாத்திரத்தின் பெயர் இல்லாமல் "சத்திரத்தில் ஒருவர் இருக்கிறார்" என்று மட்டும் காட்டினால் போதும். தன் வருகை தெரிய வேண்டாம் என்பவருக்கு அதை அணைக்கும் விருப்பத்தையும் கொடுங்கள்.