நியூயார்க் 1997, பான் 2006: இரண்டு தோல்விகள்

சதுரங்கத்தில் கணினியிடம் தோற்ற உலக சாம்பியன் என்றால் எல்லோரும் காஸ்பரோவைத்தான் சொல்வார்கள். 1996-ல் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியை 4-2 என வென்றவர், 1997-ல் நியூயார்க்கில் 2.5-3.5 எனத் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியில் பதற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது ஆட்டத்தில் டிரா செய்திருக்கக்கூடிய நிலையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். கடைசி ஆட்டம் 19 நகர்த்தல்களில் முடிந்தது.

இன்னொரு உலக சாம்பியன் கிராம்னிக்கின் கதை வேறு. 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற சதுரங்க மென்பொருளிடம் 4-2 எனத் தோற்றார். ஆறில் நான்கு டிரா. என் மனதை விட்டுப் போகாதது இரண்டாவது ஆட்டம்தான். ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளலாம் என்று நிதானமாக ராணியை நகர்த்துகிறார். எதிர் ராணி நேராக அவருடைய ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, பின்னால் குதிரையின் காவலோடு. ஒரே நகர்த்தலில் செக்மேட்! பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பார்த்துவிடும் மேட் அது. பாவம், அவர் கண்ணில் படவில்லை.

டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய தனி இயந்திரம். டீப் ஃபிரிட்ஸோ கடையில் வாங்கக்கூடிய மென்பொருள். நொடிக்குச் சுமார் 80 லட்சம் நிலைகள்தான். அதனால் பான் தோல்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.