முப்பத்திரண்டு ரப்பர் சீலும் ஒரு வி8 காரும்: கோவையில் மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குப் போன மூன்று வாரத்தில் பாதி நாள் கோவை கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் கழிந்தது. தங்கை வீட்டுக்காரர் போன வருடம் 21 லட்சம் கொடுத்து ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கியிருந்தார். 2014 மாடல், வி8 பெட்ரோல் எஞ்சின் (எட்டு சிலிண்டர், 'வி' வடிவில் இரண்டு வரிசை), இரண்டு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி). புதிதாக வந்தபோது கோடிக்கு மேல் விலை. நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் கார் உதிரிபாகத் துறையில் வேலை செய்கிறேன் என்பதால், "மச்சான், நீங்க வந்து ஒருக்கா பாத்துருங்க" என்று இரண்டு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன அன்றே பார்த்தேன். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் எஞ்சினை அணைக்காமல் நின்றுவிட்டு, கேட் திறந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின்னால் நீலப் புகை. 800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் தித்திப்பு வாசனை வேறு.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சூடு. இந்த மாதிரி எஞ்சினில் இரண்டு டர்போவும் வெளியே தொங்காமல், 'வி' வடிவத்தின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மிதித்தவுடன் வண்டி பாய்வதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கொதிப்பு முழுவதும் மேலே உள்ள ஹோஸ், ஒயர், ரப்பர் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் வேகவைக்கிறது. வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன சீல் கெட்டியாகிவிட்டால், எஞ்சின் ஓடியபடி வண்டி நிற்கும் நேரத்தில் ஆயில் மெல்ல சிலிண்டருக்குள் இறங்கும். கிளம்பும்போது அதுதான் புகையாக வருகிறது. கோவை டிராபிக்கில் தினமும் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும்.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி ஹால், காபி எல்லாம் குறைவில்லை. எஞ்சினை வெளியே இறக்க வேண்டும், 11 லட்சத்து 40 ஆயிரம் ஆகும் என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. வண்டி விலையில் பாதிக்கு மேல் அது.

கணபதி மெக்கானிக் அண்ணன் பேச்சே கொடுக்காமல் டார்ச்சோடு குனிந்தார். டர்போவுக்குப் போகும் கூலன்ட் ஹோஸை இரண்டு விரலால் அழுத்தினார். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. "பாருங்ணா, இதுக்குப் போயி எஞ்சின எறக்கோணுமா?" என்றார்.

அவர் எஞ்சினை இறக்கவே இல்லை. ஒரு பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் கம்ப்ரசர் காற்றை ஏற்றினார். காற்றழுத்தம் வால்வை மேலேயே பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றி, பழைய சீலை உருவி, புதிதை அமுக்கி மாட்டினார். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு வால்வு, ஆக மொத்தம் 32 சீல். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான். மூன்றாவது சிலிண்டரில் கை வைத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. கம்ப்ரசர் அடங்க அடங்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வால்வு உள்ளே விழுந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையே கழற்ற வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்டன் மேலே நிற்பதால் வால்வு அதன் தலையில்தான் உட்காரும், எங்கேயும் போகாது. அதை முன்னாலேயே யோசித்துத்தான் நிறுத்தியிருக்கிறார். பம்பும் லேத்தும் கார் ரேஸும் வளர்ந்த ஊரில் இப்படிப்பட்ட கைகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் நேரில் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

பில் விவரம் இது. சீல், கேஸ்கெட் 62,000. நான் ஜெர்மனியிலிருந்து பில்லோடு கொண்டுவந்து, சென்னை ஏர்போர்ட்டில் சொல்லி வரி கட்டிய ஹோஸ்கள் 48,000. எட்டு ஸ்பார்க் பிளக் 16,000. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 21,000. புது பேட்டரி 27,000. அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால்தான் சார்ஜிங் சரியாக நடக்கும். கூலி 1,10,000. மொத்தம் 2,84,000 ரூபாய். இது ஏறத்தாழ 40 மணி நேர வேலை. நான் இருக்கும் ஊரில் மணிக்கு 150 யூரோ என்று வைத்தாலே கூலி மட்டும் 6,000 யூரோ, நம் பணத்தில் ஆறு லட்சத்தைத் தொடும். பாகங்களின் விலை எங்கே வாங்கினாலும் பெரிதாகக் குறையாது. கூலியில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதனால் பாகம் மலிவாகவும் வேலை நீளமாகவும் இருக்கும் ரிப்பேரை நம் ஊரில் தாராளமாகச் செய்யலாம். ஏர் சஸ்பென்ஷன், டர்போ என்று பாகமே லட்சக்கணக்கில் வரும் ரிப்பேர்தான் ஆளைச் சாய்க்கும்.

வாங்குவதற்கு முன்பே என்னைக் கேட்டிருந்தால் எந்த வண்டியில் எது சீக்கிரம் பழுதாகும் என்ற வரலாற்றைச் சொல்லியிருப்பேன். பிஎம்டபிள்யூவின் வி10 எம்5 என்றால் கனெக்டிங் ராட் பேரிங். மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் வி8 என்றால் ஆரம்ப கால எஞ்சின்களின் ஹெட் போல்ட். முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8 என்றால் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்; அலுமினியக் குழாய் மாற்றியாயிற்றா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. எந்த வண்டியானாலும் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் ஆறிய எஞ்சினைக் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டு, மீட்டரில் தெரியும் கிலோமீட்டரும் மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் பதிவான கிலோமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள். அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாப்பிள்ளை வண்டி 91,000 ஓடியிருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அதற்கான ஃபில்டரையும் ஆயில் பேனையும் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) கொண்டுவரச் சொல்லி மெக்கானிக் அண்ணன் பார்ட் நம்பர் அனுப்பிவிட்டார்.