கரும் மச்சம்: லேசரா, வெட்டி எடுப்பதா?

ஏற்காட்டில் காபி பறிக்கும் பெரியம்மாவுக்கு முதுகில் நீலக்கறுப்பாக ஒரு மச்சம், ஒரு வருடமாகத் தடித்துக்கொண்டே வந்தது. சேலத்துக்குக் கூட்டிப்போய் என்ன செய்வது என்று வீட்டில் ஒரே குழப்பம்.

தழும்பு: லேசரில் குறைவு. வெட்டினால் தையல் உண்டு.

செலவு: வெட்ட, சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. அப்புறமென்ன?

சோதனை: இதுதான் விஷயமே. லேசர் பொசுக்கிவிடும்; புற்றுநோயா என்று பரிசோதிக்கத் துணுக்குகூட மிஞ்சாது. 1 முதல் 3 மி.மீ. ஓரத்தோடு வெட்டினால் முழுசாக பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) போகும், ஆழத்தையும் அளக்கலாம். சாம்பல் நிறக் குதிரைகளுக்கு வரும் கட்டியைப் போன்ற அரிய மெலனோமா (நிறமி செல்களில் வரும் தோல் புற்றுநோய்) ஒன்று மனிதருக்கும் வரும். நிறமி அவ்வளவு அடர்த்தி, வெட்டிய துணுக்கை வெளுக்க வைத்த பிறகுதான் செல்லின் உட்கருவே தெரியும்.

மாறாத பழைய மச்சம், அழகுக்காக மட்டும் என்றால், தோல் மருத்துவர் பார்த்துச் சொன்னபின் லேசர் சரி. பெரியம்மாவுக்கு வெட்டத்தான் சொன்னேன்.