இழுவிசையைக் குறைத்த பின்: பழைய 340 அம்பா, புதிய 400 அம்பா?

காம்பவுண்ட் வில்லை (கப்பி வைத்த நவீன வில்) 70 பவுண்டிலிருந்து 60க்கு இறக்கியதும் வரும் குழப்பம் இது. 340, 400 என்பவை ஸ்பைன் எண்கள், அம்புத் தண்டின் வளைவைச் சொல்பவை: 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால், 340 தண்டு 0.340 அங்குலம் வளையும். எண் கூடக்கூட விறைப்பு குறையும்.

செலவு
340: கனமான முனைகள் மட்டும்.
400: தண்டு, நாக் (நாணில் மாட்டும் பின்முனை), இறகு எல்லாமே புதிது.

எடை
340: 450 கிரெயின் (அம்பின் எடை அலகு) அம்பு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 6.4 கிரெயினாக இருந்தது, இப்போது 7.5. வேகம் குறையும், ஆனால் ஊடுருவல் நன்றாக இருக்கும்.
400: தண்டு பெரும்பாலும் லேசானது, பாதை தட்டை. மொத்த எடை 300 கிரெயினுக்குக் கீழே போகவே கூடாது, வில்லே உடையலாம்.

பறப்பு
340: ரிலீஸ் கருவியால் (விரலுக்குப் பதில் நாணை விடுவிப்பது) எய்பவருக்குச் சற்று விறைப்பான அம்பு பாதகமில்லை. சிக்கல் நிலையான அலகு பிராட்ஹெட்டில்தான் (வேட்டைக்கான கூர் அலகு முனை) தெரியும். பயிற்சி முனை விழும் இடத்தை விட்டு விலகிக் குத்தும். முனையை 100 கிரெயினிலிருந்து 125 ஆக்கினால் தண்டு கூடுதலாக வளையும், விலகல் குறையும்.
400: 28 அங்குல அம்புக்குப் பொதுவாகப் பொருந்தும். நீளமான தண்டோ கனமான முனையோ போட்டால் இளகிவிடும். இப்படி அளவுக்கு மீறி இளகும் தவறுதான் ஆபத்து.

பழைய கார்பன் தண்டுகளை வளைத்து, காதருகே மெல்லத் திருகிப் பாருங்கள். நறுக்கென்று சத்தம் வந்தால் உடனே ஒதுக்குங்கள். எய்யும்போது சிதறிக் கையில் பாயும்.

கிட்டத்தில் வேட்டையாடுபவருக்கு 340 போதும். தொலைவு கூடினாலோ, 60லேயே நிலைக்கப் போகிறீர்கள் என்றாலோ 400 வாங்குங்கள். எதுவானாலும் சைட் பின்களை (வில்லில் உள்ள குறிபார்க்கும் ஊசிகள்) மறுபடி சரிபாருங்கள்.