கோபில்ட் அகராதி வாங்கலாமா? 'ஷூர்-ஃபயர்' வைத்த பரீட்சை

விளம்பர வாசகங்களைத் திருத்துவது என் பிழைப்பு. 'ஷூர்-ஃபயர்' (sure-fire) என்ற ஆங்கிலச் சொல் அங்கே அடிக்கடி வந்து மாட்டும். அதனால் எந்த ஆங்கில அகராதி கைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் புரட்டிப் பார்ப்பேன்.

பொருள் என்னவோ எளிதுதான்: கட்டாயம் பலிக்கக்கூடிய, தப்பாமல் வெற்றி தரும். நான் பார்த்த இலவசச் செயலி ஒன்று அத்தோடு கடையைக் கட்டிவிட்டது. அதை நம்பி எழுதுபவர், 'Our plan is sure-fire' என்று எழுதிக்கொண்டு வருவார். தப்பென்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் காதில் இடறும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் உட்கார்ந்தே பழகிய சொல் இது. ஷூர்-ஃபயர் ஹிட், ஷூர்-ஃபயர் வின்னர், அப்புறம் எல்லோருக்கும் பிடித்த ஷூர்-ஃபயர் வே.

ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியான காலின்ஸ் கோபில்ட் இங்கேதான் முந்துகிறது. 1987ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே பொருளை முழு வாக்கியமாகச் சொல்வது அதன் வழக்கம். 'ஷூர்-ஃபயர்' என்று மொட்டையாகத் தொடங்காமல், 'ஒரு ஷூர்-ஃபயர் திங் என்பது' என்கிற தோரணையில் ஆரம்பிக்கிறது. சொல் எங்கே நிற்கும் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குறையும் உண்டு. வெற்றி, ஜெயிப்பு என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. நடைமுறையில் பாதி நேரம் இந்தச் சொல் நக்கலுக்குத்தான் வரும். நண்பனை இழக்க ஷூர்-ஃபயர் வழி அவனுக்குக் கடன் கொடுப்பது என்பார்கள். அங்கே என்ன வெற்றி? 'ஃபூல்ப்ரூஃப்' என்பதோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்களுக்கும் இதில் உதவி இல்லை. யார் கைவைத்தாலும் சொதப்ப முடியாத முறைதான் ஃபூல்ப்ரூஃப். படம் ஷூர்-ஃபயர் ஹிட் ஆகலாம், ஃபூல்ப்ரூஃப் ஹிட் ஆகாது. விசையை இழுத்தால் வெடித்தே தீரும் துப்பாக்கியிலிருந்து வந்த சொல் என்பது போன்ற பிறப்புக் கதைகளுக்கு வேறு அகராதிதான் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். படிப்பதோடு சரி என்பவர்களுக்கு அவசியமில்லை. காலின்ஸ் இணையதளத்தில் கோபில்ட் விளக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்களைப் படுத்தும் நாலு சொற்களை அங்கே தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.